பஞ்சு ஏன் பாட்டை நிறுத்தினாள்?

போன வாரம் படித்தவர்களுக்கு இந்த வீட்டின் நிலவரம் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடியில் அம்மா. கீழே அப்பா. நடுவில் பேச்சு வார்த்தை கிடையாது. முகத்தை முறித்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போகிற சாமர்த்தியம் இருவருக்கும் இல்லாததால், ஒரே கூரையின் கீழ் பல வருஷமாகப் பேசாமல் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அப்பா இசையமைப்பாளர். கீழ்த்தளத்தில் முட்டை அட்டையும் பழைய கம்பளியும் சுவரில் ஒட்டி, தானே உருவாக்கிய ஸ்டூடியோவில் குடியிருக்கிறார். தெருச் சத்தத்தை அந்தச் சுவர் தடுத்துவிடும். தலைக்கு மேலே ஓடும் அம்மாவின் தையல் மிஷினைத் தடுக்காது. அம்மா ஜன்னல் திரையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறாள்.

பேச்சில்லாத வீட்டில் மிஷினை நிறுத்தச் சொல்வது எப்படி? அதற்குத்தான் ஒட்டடைக் குச்சி. பதிவு தொடங்கும்போது அப்பா அதைத் தூக்கி மேல்தளத்தில் ஒரு முறை தட்டுவார். மிஷின் நிற்கும். பதிவு முடிந்ததும் இரண்டு முறை தட்டுவார். மிஷின் மறுபடி ஓடும். கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் மிச்சம் இருந்த பேச்சு அவ்வளவுதான். அம்மா ஒருநாளும் பதிலுக்குத் தட்டியதில்லை.

இவர்களுடைய ஒரே மகளை எல்லோரும் குட்டி என்பார்கள். கண்ணாடி போட்டு, தலையில் ஒன்றிரண்டு வெள்ளை முடியும் வந்தாயிற்று. இன்னும் குட்டிதான். அனிமேஷன் படம் வரைகிறாள். அவளும் அப்பாவும் அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் சேர்ந்து எடுக்கும் படம்தான் இந்தக் குடும்பத்தின் இப்போதைய நல்லது கெட்டது எல்லாம். படத்தைத் தயாரிப்பவர் சித்தப்பா.

கதை ரொம்பச் சின்னது. பஞ்சு ஒரு வீட்டுப் பூனை. மாடி ஜன்னலைத் தாண்டி உலகம் பார்த்ததில்லை. தூசி ஒரு தெருநாய். அதற்கு எந்த வாசலிலும் உள்ளே வா என்ற வார்த்தை கிடைத்ததில்லை. நிலா வெளிச்சத்தில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்று பாடிப் பாடியே காதலிக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் காதலா என்று கேட்பவர்கள், அவரவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்ளவும்.

இன்றைக்குப் பஞ்சுவின் பாட்டுப் பதிவு. பாடுவதற்குப் பெரிய பாடகி வருகிறார். அந்த விஷயம் மாடிக்குத் தெரியாது.

*

காலையிலிருந்து தூறல். வெயிலும் இருந்தது. அந்த வெளிச்சத்தில் வீடே யாரோ வரைந்து பாதியில் விட்ட மாதிரி மெத்தென்று இருந்தது.

குட்டிக்கு அதை ரசிக்கிற நிலைமை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அனிமேஷனில் பாட்டு முதலில், படம் பிறகு. யாராவது ஒருவர் பாடி வைத்தால்தான், எங்கே வாய் திறக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கேட்டுக் கேட்டு வரைய முடியும். அப்படி அளவுக்குப் பாடி வைப்பதை டிராக் என்பார்கள். பெரிய குரல் வந்து பாடியதும் டிராக்கைத் தூக்கிவிடுவார்கள்.

அம்மா ஒரு காலத்தில் டிராக் பாடகி. எத்தனையோ பேருடைய பாட்டை முதலில் பாடியவள் அவள்தான். அப்பாவின் முதல் படத்தில் ஒரு பாட்டைப் பாடியபோது, இது உன் குரலிலேயே இருக்கும் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். புதுப் புடவை கட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். பாட்டு வந்தது. குரல் வேறு யாருடையதோ. பக்கத்து இருக்கையில் அப்பா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து வீட்டுக்கு வந்தாள். அன்றோடு பாட்டும் போயிற்று, பேச்சும் போயிற்று.

அப்படிப்பட்ட அம்மாவிடம்தான் குட்டி போன மழைக்காலத்தில், சும்மா அளவுக்குத்தாம்மா, நாலு வரி, என்று கெஞ்சிக் கூத்தாடிப் பாட வைத்தாள். மாடியில், மின்விசிறிக்கு அடியில், கைப்பேசியில் பதிவு செய்தாள். அம்மா தைத்துக்கொண்டிருந்த திரையை மடியில் வைத்தபடியே பாடினாள்.

அந்த நாலு வரியைக் கேட்டுத்தான் குட்டி மாதக்கணக்கில் பஞ்சுவை வரைந்தாள். வரைய வரைய அவளுக்கே தெரிந்துவிட்டது. இது அளவுக்குப் பாடின பாட்டு இல்லை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. டிராக் பாடியது யார் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு மெட்டைப் பியானோவில் வாசித்துக் காட்டியே ஒப்பேற்றிவிட்டாள். உன் குரலை எடுத்துவிடப் போகிறோம் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது இந்தக் குடும்பத்தின் சொத்து. அவளுக்கும் அதில் பங்கு உண்டு போல.

*

சித்தப்பா முதலில் வந்தார். கக்கத்தில் சுருட்டிய போஸ்டர். அச்சகத்திலிருந்து சுடச்சுட வருவதாகச் சொல்லி ஓர் ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். பஞ்சுவின் படத்துக்குக் கீழே, பஞ்சுவை விடப் பெரிய எழுத்தில் பாடகியின் பெயர். அழகாக இருக்கிறது என்று குட்டி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவர் அதைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே சுவரில் சாய்த்து வைத்தார்.

பிறகு பாடகி வந்தார். பந்தா எதுவும் இல்லாத மனுஷி. குடையை மடக்கி மூலையில் வைத்தார். வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். திரையில் படத்தை ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்து, பூனைக்குத்தான் என்ன அழகான கண்ணு என்றார். தூசியின் பாட்டை அப்பாவே பாடியிருந்தார். தெருநாய்க்கு இந்தக் கரகரப்பே போதும்ணே என்று சித்தப்பா முன்பே முடிவு செய்துவிட்டார்.

அப்பா ஒட்டடைக் குச்சியை எடுத்து மேலே ஒரு முறை தட்டினார். மாடியில் மிஷின் நின்றது.

பாடகி பாடினார்.

"மெத்தை எனக்கு இருக்கு,
மீன் துண்டும் இருக்கு,
தூக்கம் மட்டும் இல்லை,
தூசி, அது உன்கிட்ட இருக்கு."

குரல் என்றால் குரல். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் திரையில் வம்பு நடந்தது. மூன்றாவது வரியில், தூக்கம் மட்டும் என்றவுடன் பஞ்சு வாயை மூடிக்கொண்டது. காதைத் திருப்பிக் கீழே பார்த்தது. அதே நேரம் கீழே தூசியின் வால் இரும்புக் கேட்டில் ஒரு முறை மோதியது. அதற்கப்புறம்தான் பஞ்சு வாய் திறந்து இல்லை என்றது. பாடகியோ அதற்குள் நான்காவது வரிக்குப் போய்விட்டிருந்தார்.

இன்னொரு முறை பாடினார். நிறுத்திப் பாடினார். நிறுத்தினால் அது வெறும் இடைவெளியாக இருந்தது, காத்திருப்பாக இல்லை. பல முறை முயன்று பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

சித்தப்பாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும். பூனையைத் திருப்பி முதுகு காட்ட வைத்துவிடு, வாய் தெரியாது, யார் எப்படிப் பாடினாலும் ஒட்டிக்கொள்ளும் என்றார். அந்தப் பாட்டு முழுக்கப் பஞ்சுவின் முகம்தான். முகத்தை எடுத்துவிட்டால் அங்கே படமே இல்லை என்று குட்டி வாதாடினாள்.

பாடகி நிதானமாகக் கேட்டார்.

"இந்த இடத்துல டிராக் பாடினவங்க எப்படி நிறுத்தினாங்க? அதைப் போடும்மா, கேட்டுட்டு பாடறேன்."

குட்டி, அது சரியான பதிவு இல்லை என்றாள். இரைச்சல் இருக்கும் என்றாள். தேடணும் என்றாள். எல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் வேறு வழி இல்லாமல் அழுத்தினாள்.

முதலில் மின்விசிறியின் சத்தம். பிறகு, மெத்தை எனக்கு இருக்கு.

அப்பாவின் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் குரல் கொஞ்சம் கனத்திருந்தது. ஆனால் அதேதான். யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தூக்கம் மட்டும்...

டொக்.

இரைச்சலுக்கு நடுவில் அந்த ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது. குரல் அப்படியே நின்றது. மூச்சு விழுங்குகிற சத்தம். மின்விசிறி. பிறகு, பயந்து பயந்து, மெல்ல, இல்லை.

"அது என்ன சத்தம்?" என்றார் பாடகி.

குட்டி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா தன் கையருகே சாய்த்து வைத்திருந்த ஒட்டடைக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கீழே கிட்டார் பதிவு. மேலே ஏதோ முணுமுணுப்பு, ரேடியோ போல என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டினார். பல வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பாடிக்கொண்டிருந்தவளை அவர்தான் நிறுத்தினார். பழக்க தோஷத்தில் அவளும் நின்றாள். குட்டியும், அதுவும் பாட்டுதான் என்று, அந்தத் தட்டலுக்கு நாயின் வாலை வரைந்து வைத்தாள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடக்காது.

*

இரண்டு தட்டு இன்னும் மேலே போகவில்லை. அப்பா மறந்துவிட்டார். அதனால் மாடியில் மிஷின் ஓடவில்லை. குட்டி படியேறும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் அம்மா சத்தமில்லாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

அம்மா ஜன்னலோரம் இருந்தாள். மிஷினின் ஊசிக்கடியில் நீலத் துணி பாதித் தையலில் நின்றிருந்தது.

"நல்லா பாடுறாங்க" என்றாள்.

குட்டி சுவரோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டிராக்கை எடுத்துவிடுவது முதலிலிருந்தே தெரியும் என்றாள். சொல்லப் பயமாக இருந்தது, இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன் என்றாள். அழுதுவிட்டாள்.

அம்மா அவளைத் திட்டவில்லை. "அப்பா பொண்ணு" என்றாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

பிறகு அம்மா, அந்தப் பூனையைக் காட்டு என்றாள். அவள் பஞ்சுவை இதுவரை பார்த்ததில்லை. குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் அந்தக் காட்சியை ஓடவிட்டாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நீல வெளிச்சம். ஜன்னல். ஒரு வெள்ளைப் பூனை அவளுடைய மூச்சில் மூச்சு வாங்கியது, அவள் தலை சாய்ப்பதைப் போலவே சாய்த்தது. தூக்கம் மட்டும் என்று நின்று, காதைத் திருப்பிக் கீழே பார்த்தது.

"இது ஏன் கீழ பாக்குது?"

"நீ பாத்தியேம்மா."

"நானா?"

"தட்டினதும் தரையைப் பாத்த. கோபமா பாப்பேன்னு நினைச்சேன். நீ அப்படிப் பாக்கல. அதான் வரைஞ்சேன்."

அம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். தன் முகம் தனக்கே தெரியாமல் இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

படியில் காலடி கேட்டது. படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டது. அப்பா அதற்கு மேலே ஏறி வந்து யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கும் ஏறவில்லை. அங்கிருந்தே பேசினார். சுவருக்குத்தான் பேசினார் என்று சொல்ல வேண்டும்.

"அன்னைக்குத் தட்டினது நான்தான். நீ பாடுறேன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

அத்தோடு நிறுத்திவிட்டார்.

"தெரிஞ்சிருந்தா?" என்றாள் அம்மா.

குட்டி நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்து அம்மா கேட்ட ஒரு வார்த்தையை அவள் நினைவு தெரிந்து கேட்டதில்லை.

"எதையுமே முடிக்க மாட்டாரு" என்று அம்மா மகளிடம் சொன்னாள், படிக்குக் கேட்கிற மாதிரி.

"தெரிஞ்சிருந்தா கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்" என்றார் அப்பா. "அந்தப் பழைய பாட்டையும் மாத்தினப்பவே உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அம்மா திரைத்துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "மாத்தினது கூடப் பரவால்ல" என்றாள். "பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. சொல்லாமலே உக்காந்திருந்தீங்க."

அப்பா கீழே இறங்கிப் போனார். நீயும் போ என்று அம்மா குட்டியையும் அனுப்பிவிட்டாள்.

*

ஸ்டூடியோவில் பாடகி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். கோபமில்லை. இந்தப் பூனை என்னுடைய பூனை இல்லையம்மா, நான் வேறு பாட்டுக்கு வருகிறேன் என்று குட்டியின் கன்னத்தைத் தட்டினார். சித்தப்பா மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பழைய பதிவில் மின்விசிறி இரைகிறது, அதைப் படத்தில் வைக்க முடியாது. அண்ணி கீழே வந்து மைக் முன்னால் பாடப் போவதில்லை. பூனையை முதுகு காட்ட வைப்பதைத் தவிர வேறு கதி இல்லை. அப்பாவைப் பார்த்து, நீயே சொல்லுண்ணே என்றார்.

அப்பா வாயைத் திறந்தார்.

டொக்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையில் எதுவும் இல்லை. ஒட்டடைக் குச்சி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

சத்தம் மேலேயிருந்து வந்தது. கத்தரிக்கோலின் பிடியால் தரையில் ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு இந்த வீட்டில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பாடகிக்குக்கூட எப்படியோ தெரிந்துவிட்டது. கிளம்பியவர் குடையை மெதுவாகக் கீழே வைத்தார். சித்தப்பா கைப்பேசியை அணைத்தார். அப்பா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

மாடியில் மின்விசிறி நின்றது. அது நின்ற பிறகுதான் இவ்வளவு நாளும் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிந்தது.

படிகளின் வழியாகப் பாட்டு இறங்கி வந்தது. மெத்தை எனக்கு இருக்கு. மீன் துண்டும் இருக்கு. கனவில் யாரோ தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது குட்டிக்கு. மைக்கைப் போட வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தூக்கம் மட்டும்...

நின்றது.

அவள் காத்திருக்கிறாள் என்று கீழே எல்லோருக்கும் புரிந்தது. அப்பா ஒட்டடைக் குச்சியை எடுத்தார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. அந்தத் தப்பை அவர் இந்த ஜென்மத்தில் மறுபடி செய்ய மாட்டார்.

அவர் இரண்டு முறை தட்டினார்.

மேலே நாற்காலி நகரும் சத்தம். பாட்டு தொடரவில்லை. அதற்குப் பதிலாகக் காலடி கேட்டது. ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், அம்மா கீழே வந்துகொண்டிருந்தாள்.

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. மாடிப்படிக்குக் கீழே, அவள் கால் வைக்கப் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, பாடகியின் பெயர் போட்ட போஸ்டர் சுருட்டியபடி சாய்ந்திருந்தது. இன்று காலைதான் ஊரெல்லாம் ஒட்டக் கொடுத்துவிட்டு வந்ததாக அவர் குட்டியின் காதில் சொன்னார். அதை எடுத்து எங்கேயாவது ஒளித்து வை, இன்றைக்கு மட்டும் அண்ணி கண்ணில் பட வேண்டாம், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அப்புறம் என்ற வார்த்தையைக் குட்டி இந்த வீட்டில் நிறையக் கேட்டிருக்கிறாள்.

அவள் ஓடிப்போய் போஸ்டரை எடுத்தாள். ஒளித்து வைக்கவில்லை. படிக்கு நேர் எதிரே நின்று அதைப் பிரித்தாள். அது அடங்காமல் சுருண்டு சுருண்டு மடங்கியது. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சுருண்டது.

அப்பா வந்து அந்த மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். குனிந்து செருப்பைப் பார்க்கவில்லை. படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படி திரும்புகிற இடத்தில் அம்மாவின் பாதம் தெரிந்தது.